வேலைக்குப் பக்கமா, மலைக்குப் பக்கமா?

துறையூர் பக்கம் இரண்டரை ஏக்கர். கிணற்றுப் பாசனம். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் மாற்றி மாற்றிப் போடுகிற நிலம். அதில் ஒன்றரை ஏக்கரை விற்றுவிட்டு, குற்றாலத்துக்குப் பக்கத்தில் மனை வாங்கலாமா என்ற பேச்சு போன ஆடி மாதம் அந்த வீட்டில் கிளம்பியது.

கிளப்பியவர் மகன். இயந்திரவியல் படித்துவிட்டு, எட்டு வருடமாக ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இயந்திர வடிவமைப்பு வேலை. லீவு கிடைத்தால் மலை ஏறுவார். இல்லாவிட்டால் சைக்கிளில் நூறு கிலோமீட்டர் போய் வருவார். “சென்னையில ஏறணும்னா மேம்பாலம்தான் இருக்கு” என்பார். வேலையும் இருக்க வேண்டும், மலையும் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. துறையூர் வீட்டு வாசலில் நின்றால் பச்சைமலை தெரியும். ஆனால் அவர் படிப்புக்கு அங்கே வேலை கிடையாது.

சாரல் காலத்தில் நண்பர்களோடு குற்றாலம் போனவர், ஒரு மனையைப் பார்த்து அங்கேயே மயங்கிவிட்டார். அட்வான்ஸ் கொடுக்கிற அளவுக்குப் போய்விட்டது. அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. “சித்திரையில ஒரு தடவ பாத்துடலாம் தம்பி. அதுக்கு முன்னாடி வேற ரெண்டு ஊரும் பாப்போம். நிலத்த விக்கிறதா இருந்தா நானும் கூட வரேன்” என்றார்.

மாசியில் ஓசூர் போனார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம் என்பதால் அந்த மாதத்திலும் காலையில் குளிர் இருந்தது. சிப்காட்டில் வாகனத் தொழிற்சாலைகளும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்கிற பட்டறைகளும் நிறைய. வேலைக்குக் குறைவில்லை. ஆனால் பாறை ஏறுகிறவர்கள் தேடிப்போகிற ராமநகரம், சாவனதுர்க்கா எல்லாம் பெங்களூருக்கு அந்தப் பக்கம். அந்தப் போக்குவரத்தைத் தாண்டி ஞாயிற்றுக்கிழமை போய்த் திரும்புவதற்குள் பாதி நாள் போய்விடும். அப்பாவுக்கு ரோஜாப் பசுமைக்குடில்கள் பிடித்தன. கெலவரப்பள்ளி அணையிலிருந்து வரும் தண்ணீர் நுரை பொங்கி ஓடுகிற படங்களைப் பேப்பரில் பார்த்திருந்ததால், அங்கே மனை விலை கூடக் கேட்கவில்லை.

பங்குனியில் கோயம்புத்தூர். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு பஞ்சாலைகள் பெருகின. அவற்றைப் பின்தொடர்ந்து வார்ப்படம், மோட்டார், பம்ப்செட் என்று பட்டறைகள் வளர்ந்த ஊர் இது. கணபதி, பீளமேடு, மலுமிச்சம்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் லேத் சத்தம். ஒரு பட்டறை வாசலில் அடுக்கியிருந்த வார்ப்படங்களை அப்பா வெகு நேரம் தடவிப் பார்த்தார். அவர் கிணற்றில் ஓடுகிற மோட்டாரும் கோயம்புத்தூரில் செய்ததுதான். மகன் படிப்புக்கு ஏற்ற வேலை இந்த ஊரில்தான் அதிகம் என்பது அவருக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

சிக்கல் மனையில்தான். தரகர் ஆலாந்துறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், “ஏனுங்க, ஜன்னலத் தொறந்தா மலைதானுங்க” என்றார். மகன் மலையைப் பார்த்தார். அப்பா பார்த்தது சுற்றியிருந்த வாழைத் தோட்டங்களின் சோலார் வேலியை. காசு செலவழித்து வேலி போட்டிருக்கிறார்கள் என்றால் சும்மாவா போட்டிருப்பார்கள்? பக்கத்துத் தோட்டக்காரரிடம் கேட்டதில், ராத்திரி யானை வருவதையும், போர் ஆயிரம் அடியைத் தாண்டியதையும் சொன்னார். அடிவாரக் கிராமங்கள் பலவும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வருவதால், வீடு கட்டத் தனி அனுமதி வாங்க வேண்டும். தரகர்கள் இதை அவர்களாகச் சொல்வது அரிது. மனை வாங்குகிறவர்கள் பட்டா, வில்லங்கச் சான்று பார்ப்பதோடு, கிராமத்தின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்றும் விசாரித்துக்கொள்வது நல்லது.

மலை பக்கத்தில் இருப்பதாலேயே நினைத்தபோது ஏறிவிடவும் முடியாது. வெள்ளியங்கிரிக்கு ஏறத்தாழ மாசி முதல் வைகாசி வரைதான் அனுமதி. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கி உயிரிழந்த பிறகு, வனத்துறைக் கட்டுப்பாடுகள் இறுகிவிட்டன. கோடையில் தீ அபாயம் என்று பாதைகளை மூடுவார்கள். எந்த ஊரில் குடியிருந்தாலும் வனத்துறை நாள்காட்டிப்படிதான் காட்டுக்குள் போக முடியும்.

சித்திரையில் தென்காசி. ஆடியில் வெள்ளையாகக் கொட்டிய பேரருவியில், பாறை மேல் ஈரக்கோடு மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. “சாரல் ஆனி ஆடியிலதான் அண்ணாச்சி. மேகாத்து ஆரியங்காவுக் கணவாய் வழியா வந்தாத்தான் இங்க குளுரும்” என்றார் டீக்கடைக்காரர். செங்கோட்டைக்குப் பக்கத்தில் 36 அடி உயரக் குண்டாறு அணை. தென்மேற்குப் பருவமழை பிடித்த சில நாளிலேயே நிரம்பிவிடுகிற சின்ன அணை. அன்று அடியில் கிடந்தது. வடகரை, மேக்கரைப் பக்கம் தென்னையை யானை சாய்க்கிற கதை இங்கேயும் உண்டு.

ஊரைக் குறை சொல்வதற்கில்லை. பாவூர்ச்சத்திரம் காய்கறிச் சந்தையைச் சுற்றி வந்த அப்பா, விவசாயம் பண்ண நல்ல ஊர் என்றார். மென்பொருள் படித்தவர்களுக்கு மத்தளம்பாறையில் 2011 முதல் ஒரு பெரிய நிறுவனம் நடக்கிறது. கிராமத்தில் இருந்துகொண்டே அந்த வேலை பார்க்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காற்றாலைகள் சுற்றுகின்றன. அவற்றைப் பராமரிக்கிற வேலையும் உண்டு. ஆனால் இயந்திர வடிவமைப்புக்காரர் இங்கே வந்து ஒரு வேலையை விட்டால், அடுத்த வேலைக்கு ஊரையே மாற்ற வேண்டியிருக்கும். அப்போது விற்ற நிலமும் இருக்காது, வாங்கிய மனையும் கை கொடுக்காது.

திரும்பி வரும் ரயிலில் மகனே சொன்னார்: “வேலை தெனமும் போறது. மலைக்கு வாரத்துல ஒரு நாள்தான் போறேன்.”

வைகாசியில் கோயம்புத்தூரின் கிழக்குப் பக்கம், வேலை செய்யும் இடத்திலிருந்து நாலு கிலோமீட்டரில் ஒரு வீட்டை 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்குப் பிடித்தார்கள். வேலைக்கு சைக்கிளில் போய் வருகிறார். ஞாயிற்றுக்கிழமை ஆழியாறு வரை பஸ். அங்கிருந்து வால்பாறைச் சாலையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் முடிந்தவரை சைக்கிளில் ஏறுகிறார். துறையூர் நிலத்தில் அந்த ஒன்றரை ஏக்கரையும் சேர்த்து வெங்காயம் நட்டாயிற்று. ஐப்பசியில் அப்பா ஒருமுறை கோயம்புத்தூர் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அந்தத் தெருவில் மழைத் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்க்க.