மாட்டு வண்டியில் சென்ற விமானங்கள்

கேரி கிரிக்ஸ்பியின் ‘வார் இன் த பசிபிக்’ என்னும் கணினிப் போர் விளையாட்டில் நாம் ஜப்பான் தரப்பையே விரும்பி ஆடுவோம். நம்மை ஈர்ப்பது போர்க்களமன்று, தொழிற்சாலை. எந்த ஆலையில் எந்த விமானம், எந்த எஞ்சின் என்பதையெல்லாம் நாமே முடிவு செய்யலாம். எண்ணெய்க் கப்பல்கள் மூழ்கினால் கனரகத் தொழில் முடங்கும். ஜப்பான் தோற்ற கதையின் எலும்புக்கூடு இதுவே.

ஆயினும் இத்தகைய முழு அதிகாரம் அன்று ஜப்பானில் எவர் கையிலும் இல்லை. தரைப்படையும் கடற்படையும் தத்தமக்கெனத் தனித்தனியே விமானங்களைச் செய்வித்தன. உற்பத்தியை ஒரு குடைக்கீழ்க் கொணர முயன்ற படைக்கல அமைச்சகம் 1943 நவம்பரில்தான் தோன்றியது.

விளையாட்டில் விமானம் செய்து முடிந்ததும் கையிருப்பில் சேர்ந்துவிடும். நகோயாவின் மிட்சுபிஷி ஆலையை ஒட்டியோ விமானத்தளம் இல்லை. பாதை கரடுமுரடானது, விரைந்து சென்றால் விமானம் பழுதாகும். எனவே ஜீரோ விமானங்களைப் பகுதிகளாகப் பிரித்து, மாட்டு வண்டிகளில் ஏற்றி, ஏறத்தாழ 48 கிலோமீட்டர் தொலைவிலிருந்த ககாமிகஹாராவுக்குக் கொண்டு சென்றனர்.

ஆட்பற்றாக்குறையால் பள்ளி மாணவரும் ஆலைகளுக்கு அனுப்பப்பட்டனர். 1944 டிசம்பர் 7ஆம் நாள் நேர்ந்த நிலநடுக்கத்தில் ஹண்டா நகரின் நகாஜிமா விமான ஆலை இடிந்து விழ, அவர்களுள் பலர் மாண்டனர்.

விளையாட்டில் ‘மனிதவளம்’ என்பது ஓர் எண். அதைக் குறையென்று சொல்லோம். எண்ணக்கூடியதை எண்ணுவதே அதன் வேலை. ஆனால் ஏறத்தாழ அவ்வயதுப் பிள்ளைகளை நாள்தோறும் வகுப்பில் காணும் நமக்கு, அந்த எண்ணை மட்டும் எளிதில் கடந்துபோக முடிவதில்லை.