விரைவா? இடமா?

வரவு அளவாக உள்ள இல்லத்தில் ஒரு பொருளை வாங்குமுன், அஃது எதற்கு வேண்டும் என்று ஆராய்தல் இன்றியமையாதது. விளையாட்டுக்கென்றே கணினி வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கும் இக்காலத்தில், இவ்வாராய்ச்சி நம்மவர் இல்லங்கள் பலவற்றில் நிகழ்கின்றது. எட்டாம் வகுப்பில் பயிலும் என் மகன் சென்ற ஆண்டு அவ்வாறு கேட்டபோது, இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் நானும் வீட்டுக் கணக்கேட்டை விரித்தேன். அப்போது அறிந்தவற்றைச் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

கணினியில் செய்திகளைச் சேமிக்கும் கருவிகள் இருவகை. ஒன்று, ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டு, மற்றொன்று, எஸ்.எஸ்.டி. எனக் கடைக்காரர் கூறும் சேமிப்பகம்.

வன்தட்டே மூத்தது. 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் அதனை முதன்முதல் வெளியிட்டபோது, 50 தட்டுகள் இருந்தும் அதில் அடங்கியவை 50 இலட்சம் எழுத்துகளே. இன்றோ அது கைக்குள் அடங்குகிறது. இடமோ பன்மடங்கு பெருகிவிட்டது. ஆயினும் தட்டு சுழலும் முறை மாறவில்லை. மேசைக் கணினிக்குரிய தட்டுகளில் பல, நிமிடத்திற்கு 7,200 முறை சுழல்கின்றன. வேண்டிய செய்தி படிக்கும் முனையின் கீழ் வந்து சேரும்வரை கணினி காத்திருத்தல் வேண்டும். அரைச் சுற்றுக்கு 4 மில்லிநொடிதான் ஆகும். ஆனால் விளையாட்டு ஒன்று தொடங்குகையில், ஆயிரக்கணக்கான துண்டுகளைத் தேடி எடுக்க வேண்டும். கோப்பறையில் ஒவ்வொரு கோப்பிற்கும் ஏணி ஏறி இறங்கும் ஊழியரை எண்ணிப் பாருங்கள். தாமதத்தின் காரணம் விளங்கும்.

எஸ்.எஸ்.டி.யில் சுழலும் உறுப்பே கிடையாது. டோஷிபா நிறுவனத்தில் ஜப்பானிய அறிஞர் ஃபுஜியோ மசுவோகா 1980-களில் கண்ட ஃபிளாஷ் நினைவகமே அதற்கு அடிப்படை. வன்தட்டு நொடிக்கு 150 முதல் 250 மெகாபைட் வரை தருமாயின், சாட்டா இணைப்புள்ள எஸ்.எஸ்.டி. ஏறத்தாழ 550 மெகாபைட் தரும், என்.வி.எம்.இ. வகையில் பல 3,000-க்கும் மேல் தரும். 2023-இல் வெளிவந்த ஸ்டார்ஃபீல்டு என்னும் விளையாட்டு, 125 ஜிகாபைட் இடம் கேட்பதோடு, எஸ்.எஸ்.டி.யும் கட்டாயம் வேண்டும் என்கிறது. ஒன்றை மட்டும் மறத்தலாகாது: எஸ்.எஸ்.டி. காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கும். திரையில் காட்சிகள் தடையின்றி ஓடுவது பெரும்பாலும் வரைகலை அட்டையின் திறத்தைப் பொறுத்தது.

இவற்றைக் கேட்ட மகன், “அப்பா, இருக்கிற பணம் முழுவதற்கும் எஸ்.எஸ்.டி.யே வாங்கிவிடலாம்” என்றான்.

“அத்தையின் குரலை எங்கே வைப்பீர்கள்?” என்று கேட்டார் என் துணைவியார்.

திருநெல்வேலிச் சீமையில் வாழ்ந்து மறைந்த என் தாயார் கதை சொல்லியதும், பேரனைப் பெயர் சொல்லி அழைத்ததும், ஊர்க்கோயில் கொடையும், பின்னர் விலையாகிவிட்ட எங்கள் வீட்டு முற்றமும் எங்கள் கைப்பேசிகளில் பதிவாகிச் சிதறிக் கிடந்தன. கல்யாணில் பிறந்த மகனுக்கு அவ்வூர் விடுமுறையில் கண்ட ஊர். அப்பதிவுகள் அழிந்தால், அவனுக்கு ஆச்சியைக் காட்ட வேறென்ன இருக்கிறது?

ஒரே விலைக்கு வன்தட்டில் கிடைக்கும் இடம் எஸ்.எஸ்.டி.யில் கிடைப்பதினும் மிகுதி. ஆகவே, மும்பை லாமிங்டன் சாலைக்குச் சென்று, 500 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி. ஒன்றும், 2 டெராபைட் வன்தட்டு ஒன்றும் வாங்கினோம். கணினியை இயக்கும் மென்பொருளும் ஆடும் விளையாட்டுகளும் முன்னதில்; குடும்பத்துப் படங்களும் குரல்களும் பின்னதில். பெரிய விளையாட்டுகள் மூன்றுக்கு மேல் அதில் அடங்குவது அரிது. புதியது வேண்டுமாயின், ஆடி முடித்த ஒன்றை மகன் வன்தட்டிற்கு மாற்றுகிறான். முதலில் முகம் சுளித்தவன், இப்போது எது வேண்டும், எது வேண்டா என்று தானே தேர்ந்துகொள்கிறான்.

எனினும் இரண்டில் எதுவும் அழியாதது அன்று. வன்தட்டு கீழே விழுந்தால் பழுதாகலாம். எஸ்.எஸ்.டி.யில் எழுதி அழிப்பதற்கு ஓர் எல்லை உண்டு. மின்சாரமின்றி நெடுங்காலம் கிடப்பின் அதிலுள்ளவை மங்கவும் கூடும். எனவே, படங்களுக்கு மட்டும் மற்றொரு படி எடுத்துப் பாளையங்கோட்டையிலுள்ள என் தமக்கையார் வீட்டில் வைத்துள்ளோம். ஆண்டுதோறும் ஊர் செல்லும்போது புதியவற்றை அதில் சேர்க்கிறோம்.

ஆதலின், அன்பர்களே! பிள்ளையின் விளையாட்டிற்கு விரைவு வேண்டுமெனில், அளவான எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்குங்கள், அதில் தவறில்லை. ஆனால் அதே நாளில், ஊரையும் உறவையும் பதிந்த கைப்பேசிகளையெல்லாம் எடுத்து, அவற்றிலுள்ளவற்றை இரண்டு இடங்களில் படியெடுத்து வையுங்கள். விளையாட்டு அழிந்தால் மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். பெற்றோர் குரலை எந்தக் கடையிலும் வாங்க இயலாது.