எக்ஸ்ரே சூடும் இளநீரும்

முப்பத்து நான்கு வருட சர்வீஸில் என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி, "சார், எக்ஸ்ரே எடுத்தா உடம்பு சூடு ஏறுமாமே, இளநீர் குடிக்கணுமா?" என்பதுதான். 1981 முதல் 2015 வரை அரசு மருத்துவமனைகளில் ரேடியோகிராபராக இருந்தவன் நான். ஊருக்கு 'எக்ஸ்ரே சார்'. "தாராளமா குடிங்க, வெயிலுக்கு நல்லது. எக்ஸ்ரேக்கு அவசியமில்லை" என்று சொல்லி அனுப்புவேன்.

அடுத்த இடம் இந்தக் கேள்விக்கு: "ஒண்ணும் ஆகாதுன்னா நீங்க மட்டும் ஏன் சார் மறைவுக்கு ஓடுறீங்க?" நியாயமான கேள்வி. நோயாளிக்கு ஒரு படம், இரண்டு படம். எனக்கு ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது. அதற்காகத்தான் தடுப்புச் சுவர், ஈய ஏப்ரன், சட்டையில் குத்திக்கொள்ளும் டி.எல்.டி. பேட்ஜ் எல்லாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த பேட்ஜ் ஆய்வகத்துக்குப் போய், எவ்வளவு கதிர் வாங்கினோம் என்று கணக்கு வரும். எங்களைப் போன்றவர்களுக்கு ஐந்து வருடத்தில் 100 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30-க்கு மேல் போகக்கூடாது என்பது நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி.

இந்த விதிகள் சும்மா வந்துவிடவில்லை. ரான்ட்ஜன் 1895-ல் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தபோது அதன் ஆபத்து யாருக்கும் தெரியாது. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி தன் கையையே குழாய்க்கு முன்னால் நீட்டி நீட்டிச் சோதித்தார். கைகள் புண்ணாகி, வெட்டி எடுத்தும் பிழைக்காமல் 1904-ல் இறந்தார். அவரைப் போல் இந்தத் துறையில் உயிர்விட்ட 150-க்கும் மேற்பட்டவர்களின் பெயரைப் பொறித்து, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1936-ல் ஒரு நினைவுத்தூண் வைத்தார்கள். எங்கள் பாதுகாப்பு அவர்கள் போட்ட பிச்சை.

சரி, மில்லிசீவர்ட் என்றால் என்ன? உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் கணக்கு. ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவருக்கும் மண், காற்று, சாப்பாடு, ஆகாயம் எல்லாவற்றிலுமிருந்து வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வந்துகொண்டுதான் இருக்கிறது. கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரையில் மோனசைட் மணல் இருப்பதால் இது பல மடங்கு. அங்கே பல்லாண்டு ஆராய்ந்து 2009-ல் வெளியிட்ட முடிவில், அதனால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் அது கொஞ்சம் கொஞ்சமாக வருவது. ஸ்கேனில் ஒரே தடவையில் வருவதை அதோடு அப்படியே ஒப்பிட முடியாது.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், லேசான காய்ச்சலுக்கெல்லாம் ஜனங்கள் சி.டி. எடுக்க ஓடினார்கள். அப்போது எய்ம்ஸ் இயக்குநர் டாக்டர் ரண்தீப் குலேரியா, ஒரு சி.டி. 300, 400 மார்பு எக்ஸ்ரேக்குச் சமம் என்று எச்சரித்தார். கதிரியக்க மருத்துவர்களின் சங்கம் அதை மறுத்து, இன்றைய குறைந்த அளவு சி.டி. ஐந்து, பத்து எக்ஸ்ரேக்குத்தான் சமம் என்றது. வாசகர்கள் குழம்பிப் போனார்கள். விஷயம் வகுத்தலில் இருக்கிறது. சாதாரண மார்பு சி.டி. சுமார் 7 மில்லிசீவர்ட். நல்ல எக்ஸ்ரே 0.02. வகுத்தால் 350 வரும். அதே எக்ஸ்ரேயை 0.1 என்று வைத்து, சி.டி.யைக் குறைந்த அளவில் எடுத்தால் விடை பத்து, பதினைந்துக்கு இறங்கிவிடும். தேவையில்லாமல் எடுக்காதீர்கள் என்று குலேரியா சொன்னது சரிதான். அந்த 'தேவையில்லாமல்' மட்டும் வாட்ஸ்அப்பில் உதிர்ந்துவிட்டது.

உதிர்ந்த அந்தச் செய்தியை மன்னார்குடியில் இருக்கும் என் தங்கை போனில் பத்திரமாக வைத்திருந்தாள். போன வருடம் அவளுக்கு ஒன்றரை மாதமாக இருமல். உடம்பு இளைத்துவிட்டது. சளியில் ஒன்றும் தெரியவில்லை, எக்ஸ்ரேயில் ஒரு நிழல். டாக்டர் சி.டி. எழுதிக் கொடுத்தார். இவள் மாட்டேன் என்று மூன்று வாரம் ஓட்டிவிட்டாள்.

"அண்ணா, நானூறு எக்ஸ்ரேயாம். இல்லாத கேன்சர் வந்துடாதா?"

"வரவே வராதுன்னு சொல்லமாட்டேன்மா. 10 மில்லிசீவர்ட் வாங்கினா, அதனால புற்றுநோயில சாகறது ரெண்டாயிரத்துல ஒருத்தர் இருக்கலாம்னு அமெரிக்காவுல எஃப்.டி.ஏ. சொல்லுது. எந்த ஸ்கேனும் எடுக்காமலேயே அந்த ரெண்டாயிரத்துல நானூறு பேருக்கு அந்த சாவு அங்க இருக்கு. நானூறு நானூத்தி ஒண்ணு ஆகும். உனக்கு வயசு அறுபத்து நாலு. அது வெளிய வரவே பல வருஷம் ஆகும். அந்த நிழல் அப்படிக் காத்திருக்காது."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அம்மாவுக்கு வந்ததே எனக்கும் வந்திருந்தா?"

அப்போதுதான் புரிந்தது. அவள் பயந்தது கதிருக்கு இல்லை, ரிப்போர்ட்டுக்கு. அதற்கு என்னிடம் கணக்கு இல்லை. "நான் பஸ் ஏறி வர்றேன், சேர்ந்து போகலாம்" என்றேன். போனோம். சி.டி. இடத்தைத் துல்லியமாகக் காட்ட, அங்கிருந்து குழாய் விட்டு எடுத்த சாம்பிளில் காசநோய் என்று தெரிந்தது. ஆறு மாதம் அரசு மாத்திரை. இப்போது நன்றாக இருக்கிறாள். இன்னும் சில மாதம் ஓட்டியிருந்தால் நுரையீரல் என்னவாகியிருக்கும், வீட்டிலிருக்கும் பேத்திக்கும் ஒட்டியிருக்குமோ என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

மறுபக்கமும் உண்டு. நண்பர் ஒருவர், உடம்பில் ஒரு குறையும் இல்லாமல், தள்ளுபடி விலையில் கிடைக்கிறதென்று 'ஃபுல் பாடி சி.டி.' எடுக்கக் கிளம்பினார். வேண்டாம் என்றேன். அறிகுறி இல்லாத உடம்பைத் துழாவினால் ஏதாவது சின்னப் புள்ளி அகப்படும். அதைப் பார்க்க இன்னொரு ஸ்கேன், ஒரு பயாப்ஸி, இரண்டு மாதத் தூக்கம் போகும். காரணம் இருக்கிற சி.டி.க்குப் பயப்படுவதும், காரணம் இல்லாத சி.டி.யைத் தள்ளுபடியில் வாங்குவதும் நம்மிடையே அக்கம்பக்கமாகவே நடக்கின்றன.

எக்ஸ்ரே சாராக நான் சொல்வது இவ்வளவுதான். டாக்டரிடம், "இதன் முடிவைப் பொறுத்து வைத்தியம் மாறுமா?" என்று கேளுங்கள். மாறும் என்றால் தயங்காமல் எடுங்கள். அல்ட்ராசவுண்டிலோ எம்.ஆர்.ஐ.யிலோ வேலை முடியுமா என்றும் கேட்கலாம். அவற்றில் இந்தக் கதிரே கிடையாது. பழைய படங்களையும் சி.டி.யையும் ஒரு பையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். தொலைந்த படத்துக்காகத்தான் பாதிப் பேர் மறுபடி எடுக்கிறார்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குழந்தைகளுக்கு எடுக்கும்போது, அவர்கள் எடைக்குத் தகுந்தபடி அளவைக் குறைத்துத்தான் எடுக்கிறார்களா என்று கேளுங்கள். வளரும் உடம்பு கதிரை அதிகம் உணரும், அவர்களுக்கு முன்னால் ஆயுளும் நீளம்.

பயம் ரிப்போர்ட்டைப் பற்றியது என்றால், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். இளநீர் திரும்பி வரும்போது குடித்துக்கொள்ளலாம்.