பார்க்காமல் போட்ட லைக்



பேத்தியின் கல்லூரியில் பொங்கல் கோலப்போட்டி. கல்லூரியின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் சேர்ந்து லைக் போட வேண்டும். அதிக லைக் வாங்கிய கோலத்துக்கே முதல் பரிசு.

"தாத்தா, உங்க பழைய ஸ்டூடண்ட்ஸ்கிட்ட சொல்லுங்க" என்றாள். உங்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீங்களும் போட்டீர்கள். கல்லூரிப் பக்கத்துக்கு ஆள் சேர்ந்தது. பேத்திக்குப் பரிசும் கிடைத்தது.

பிறகுதான் மற்றக் கோலங்களைப் பார்த்தேன். ஒரு பிள்ளை போட்ட 15 புள்ளி சிக்குக் கோலம். ஓர் இழைகூடப் பிசகவில்லை. லைக் 11தான். வீட்டில் பட்டன் போன்தானாம்.

விடைத்தாளில் பெயரைப் பார்க்காமல் மார்க் போட்டவன் நான். இம்முறை கோலத்தையே பார்க்காமல் உங்களிடம் மார்க் கேட்டுவிட்டேன். தப்பு என்னுடையது.

பேத்தியிடமும் சொன்னேன். கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு அந்தக் கோலத்துக்கு அவளே லைக் போட்டாள்.

நீங்களும் ஒருமுறை போய்ப் பாருங்கள். பிடித்தால் மட்டும் போடுங்கள்.