நார்மல் என்று போட்டிருந்தது

அம்மாவின் கடைசி இரத்தப் பரிசோதனை அறிக்கை என்னிடம் இருக்கிறது. முதல் பக்கத்தில் எஸ்ஜிபிடி 27, எஸ்ஜிஓடி 46. இரண்டாவதன் பக்கத்தில் மட்டும் ஒரு சின்ன நட்சத்திரக் குறி. "கொஞ்சம்தான் கூட இருக்கு. லிவர் நார்மல்தான், பயப்படாதீங்கம்மா" என்றார் மருத்துவர். அம்மாவுக்கு அது போதும். வயிறு உப்பியிருந்ததை வாயு என்றாள். கால் வீக்கத்துக்கு அடுப்படியில் நிற்பதைக் காரணம் சொன்னாள். ரவிக்கைக் கொக்கிகளை இரண்டு முறை தள்ளித் தைத்துக்கொண்டதை அவள் போன பிறகுதான் கவனித்தேன்.

மற்ற நட்சத்திரங்கள் அடுத்த பக்கத்தில் இருந்தன. ஆல்புமின் 2.6. பிளேட்லெட் 84,000. அந்தப் பக்கத்தை யாரும் திருப்பவில்லை. நானும்தான். ஒரு சொல்லின் பாடபேதத்துக்காக நான்கு பதிப்புகளை விரித்துவைத்து ஒப்பிட்டு முனைவர் பட்டம் வாங்கியவள் நான்.

ஐந்து மாதம் கழித்து இரத்த வாந்தி. சிரோசிஸ் என்றார்கள். அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் அம்மாவைப் பார்க்காமல் தம்பியிடம் கேட்டார்: "அம்மாவுக்குக் குடிப்பழக்கம் உண்டா?" அம்மாவுக்கு நினைவு இருந்தது. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். பதினெட்டு வருடச் சர்க்கரை நோய். கல்லீரலில் கொழுப்பு படிந்து, தழும்பேறிச் சுருங்கியிருக்கிறது. மது அதற்குத் தேவையே இல்லை. துக்கத்துக்கு வந்த பெரியம்மா கேட்டாள், "குடிச்சது அவரு, ஈரல் போனது இவளுக்கா?"

பயந்தால் ஈரக்கொலை நடுங்குகிறது என்கிறோம். அந்த உறுப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை அதற்குப் பிறகுதான் படித்தேன். எஸ்ஜிபிடியும் எஸ்ஜிஓடியும் கல்லீரல் செல்களுக்குள் இருக்க வேண்டிய நொதிகள். செல் காயப்பட்டால் இரத்தத்தில் கசியும். (எஸ்ஜிஓடி தசையிலும் உண்டு. கடுமையான உடற்பயிற்சி செய்தாலும் ஏறும்.) ஆக, அந்த எண்கள் சொல்வது கசிவை. கல்லீரல் தன் வேலையைச் செய்கிறதா என்பதை ஆல்புமினும் பிலிருபினும் இரத்தம் உறையும் நேரமும் சொல்லும். முற்றிய சிரோசிஸில் கசிவதற்குச் செல்களே குறைந்துபோயிருக்கும். அப்போது எஸ்ஜிபிடி இறங்கி 'நார்மல்' ஆகிவிடலாம். அம்மாவின் 27 அந்த 27தான்.

ஃபிப்-4 என்று ஒரு எளிய கணக்கு இருக்கிறது. வயதை எஸ்ஜிஓடியால் பெருக்க வேண்டும். பிளேட்லெட்டை ஆயிரங்களில் எடுத்து, எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்கி, அந்தத் தொகையால் முன்னதை வகுக்க வேண்டும். 1.3க்குக் கீழே வந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. 2.67க்கு மேலே போனால் உடனே மேற்கொண்டு பார்க்க வேண்டும். அம்மாவுக்கு வயது 66. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு விடைத்தாள் கட்டின் மேல் வைத்துப் போட்டுப் பார்த்தேன். ஏறத்தாழ 7. இதற்கு வேண்டிய நான்கு எண்களும் அந்த இரண்டு தாள்களிலேயே இருந்தன.

சென்ற வருடம் கல்லூரியில் நடந்த மருத்துவ முகாமில் எனக்கு எஸ்ஜிபிடி 38 வந்தது. அறிக்கையில் வரம்பு '40 வரை'. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வரம்பு. நட்சத்திரம் இல்லை. ஆனால் அமெரிக்கன் காலேஜ் ஆஃப் காஸ்ட்ரோஎன்டராலஜி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆரோக்கியமான ஆணுக்கு 29 முதல் 33 வரை, பெண்ணுக்கு 19 முதல் 25 வரை என்கிறது. பழைய வரம்புகளை வகுக்க 'ஆரோக்கியமானவர்கள்' என்று எடுத்துக்கொண்ட கூட்டத்திலேயே, கொழுப்புக் கல்லீரல் இருப்பது தெரியாதவர்களும் இருந்திருக்கிறார்கள். என்னுடைய 38 அந்தக் கூட்டத்துக்கு நார்மல். எனக்கு இல்லை.

முகாமில் இருந்தவரிடம் சொன்னேன். "மேடம், கூகுள் பண்ணிட்டு வந்தீங்களா?" என்று சிரித்தார். வேறு மருத்துவரிடம் போனேன். அவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கொழுப்பு படிந்திருந்தது. ஃபிப்-4 ஏறத்தாழ 0.9, தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. எடையைக் குறைக்க வேண்டும், நடக்க வேண்டும், சர்க்கரையையும் தைராய்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முடி வளர்வதற்காக யாரோ தந்த மூலிகைப் பொடியை நிறுத்தச் சொன்னார். அதில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆறு மாதத்தில் மறுபடியும் பரிசோதனை. அறிக்கையை என் கணவரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பலாமா என்று ஆய்வகப் பெண் கேட்டாள். என் எண்ணைக் கொடுத்துவிட்டு, இரண்டு பக்கத்தையும் அனுப்பும்மா என்றேன்.