உப்புக்காற்றில் ஒரு மாருதி

கார் கம்பெனி தரும் கையேடு கிலோமீட்டரையும் மாதத்தையும் பார்க்கும், காற்றைப் பார்ப்பதில்லை. மீஞ்சூரிலிருந்து பழவேற்காடு வரை கார் வைத்திருப்பவருக்கு அந்தக் கணக்கு பாதிதான் உதவும். ஒரு பக்கம் ஏரியின் உவர்க்காற்று, இன்னொரு பக்கம் அத்திப்பட்டு அனல்மின் நிலையச் சாம்பல். போதாததற்கு எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி. வாசலில் உறை போட்டு நிறுத்திய வண்டிக்கும் இங்கே துரு ஏறும்.

1983-இல் வந்து 2014-இல் உற்பத்தி நின்ற மாருதி 800-ஐ எடுத்துக்கொள்ளலாம். அதன் 796 சிசி எஞ்சின் சளைக்காது. தகடுதான் முதலில் கைவிடும். கதவின் அடி விளிம்பில் மழைநீர் வடியச் சின்னத் துளைகள் உண்டு. புழுதி அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். வெளியே பெயின்ட் பளபளக்கும்; திடீரென்று ஒரு கொப்புளம் தெரியும், விரலால் அழுத்தினால் பொரபொரவென்று உதிரும். ஈர்க்குச்சியால் குத்திவிட்டால் தீர்ந்திருக்கும் சங்கதி, பட்டி டிங்கரிங்கில் வந்து நிற்கும்.

அடிப்பாகத்துக்குக் கறுப்புப் பூச்சு அடிப்பது நல்லதுதான். ஆனால் கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, பிரைமர் கொடுத்த பிறகு அடிக்க வேண்டும். துருவின் மேலேயே அடித்தால் ஈரத்தைச் சிறைவைத்த மாதிரி. இதற்குத் தோது சித்திரை, வைகாசி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையில் காசிமேட்டு விசைப்படகுகள் கரையேறிப் பழுது பார்க்கப்படுகின்றன. காருக்கும் அதுவே காலம்.

மேம்பாடு என்றதும் பலருக்கு ஸ்பீக்கரும் அலாய் வீலும்தான் நினைவுக்கு வரும். கொஞ்சம் விவரமானவர் முகப்பு விளக்கைப் பார்ப்பார். எதிரே லாரி வரும் சாலையில் மங்கல் வெளிச்சம் ஆபத்து என்று 60/55 வாட் பல்பைக் கழற்றி 100/90 மாட்டுவார். ரிலே வைக்காவிட்டால் சுவிட்ச் சூடேறி உருகும். எதிரே வருபவருக்கும் கண் கூசும். பெரும்பாலும் குற்றம் பல்பில் இருப்பதில்லை. எர்த் ஒயர் பாடியில் சேரும் இடத்தில் பச்சை பூத்திருக்கும். அதைச் சுரண்டி வாஸ்லின் தடவினால் பழைய பல்பே நன்றாக எரியும். செலவு டீக்காசு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை இந்தப் பக்கத்தை மூழ்கடித்தது. தண்ணீரில் நின்ற காரில் அவசரப்பட்டுச் சாவி திருகினால், ஏர் ஃபில்டர் வழியே புகுந்த நீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். சாதாரண இன்சூரன்ஸ் பெரும்பாலும் இதற்குப் பணம் தராது. எஞ்சின் பாதுகாப்பைத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். ஸ்பீக்கர் பணம் அங்கே போகலாம்.

வண்டிக்கு 15 வயதானால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்தால் ஐந்து வருடம் ஓட்டலாம். அதற்கு முன்பே லிஃப்டில் ஏற்றி, ஜாக்கி வைக்கும் இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பார்ப்பது உத்தமம். உள்ளே இறங்கிவிட்டால் மற்ற செலவுப் பட்டியலை மடித்துவைத்து, வெல்டிங்குக்கு என்ன ஆகும் என்று மட்டும் கேட்கலாம்.