வெள்ளெழுத்து

செஞ்சிக்கு அருகிலுள்ள தளவானூரில், 7-ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோயில் ஒன்று உண்டு. சத்ருமல்லேசுவராலயம் என்பது அதன் பெயர். முகப்புத் தூண்களின்மேல் பாறையிலேயே செதுக்கப்பட்ட மகர தோரணம் காண்போரை அங்கேயே நிறுத்திவிடும். சென்ற கோடையில் ஒரு மாலை, நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு அங்கே சென்றிருந்தோம்.

தூணிலிருந்த கல்வெட்டை உற்றுப் பார்த்தோம். எழுத்துகள் கலைந்து தெரிந்தன. ஐம்பதைக் கடந்த கண்களுக்கு வெள்ளெழுத்து வந்து நாளாயிற்று. கைபேசியில் படம் எடுத்துப் பிறகு படிக்கலாம் என்று நீட்டினால், அதுவும் தடுமாறிற்று. படம் ஒரு கணம் தெளியும், மறுகணம் கலங்கும். “இதற்கும் வயதாகிவிட்டதோ?” என்றோம்.

இளைஞர் சிரித்தார். “அது தேடுகிறது, சாமி. லென்ஸைச் சற்று நகர்த்திப் பார்க்கும்; கோடுகள் கூர்மையானால் இன்னும் நகர்த்தும்; உச்சத்தைத் தாண்டியது தெரிந்ததும் திரும்பி வரும். வெளிச்சம் குறைந்தால் கல்லுக்கும் எழுத்துக்கும் வேறுபாடு குறைந்துவிடும். அதனால்தான் இந்த அலைச்சல்.”

அவர் ஒரகடம் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் பணியாற்றுகிறார். ஓடும் பட்டையில் வரும் உதிரிப்பாகங்களைக் கேமராக்கள் சோதிக்கும் பிரிவு அது. ஒரு பாகம் உயரமாக இருக்கும், அடுத்தது தாழ்வாக இருக்கும், பட்டையோ நில்லாது. தேடித் தேடிக் குவியம் காண அங்கே நேரமில்லை. மோட்டார் கொண்டு லென்ஸை ஓயாமல் நகர்த்தினால் பற்சக்கரங்களும் தேய்ந்துபோகும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு என்றார். முதலாவது, பாகத்தின் தொலைவை முன்னரே கணக்கிட்டு வைத்துக்கொண்டு நேராக அந்தக் குவியத்துக்கே தாவுவது. இரண்டாவது, திரவ லென்ஸ். ஒன்றோடொன்று கலவாத எண்ணெயும் நீரும் ஒரு சிறு கூட்டுக்குள் அடைபட்டிருக்கும். மின்னழுத்தத்தை மாற்றினால் அவற்றின் இடையெல்லை வளைந்து கொடுக்கும். நகரும் சக்கரம் எதுவுமில்லாமல், ஒரு வினாடியின் மிகச் சிறு பகுதிக்குள் பார்வை கூர்மையாகிவிடும். மின்சாரத்தால் திரவப் பரப்பு மாறுவதை 1875-இல் ஆராய்ந்தவர் காப்ரியேல் லிப்மன். அந்த நெறியை லென்ஸாக்கும் முயற்சியில் 1990-களில் முன்னின்றவர் பிரான்சு நாட்டு ஆய்வாளர் புருனோ பெர்ஜ்.

நாம் வியந்து கேட்டுக்கொண்டிருக்கையில், அவர் குரல் தாழ்ந்தது. “அந்தக் கேமராக்களைப் பொருத்தியவர்களில் நானும் ஒருவன், சாமி. முன்பு அதே வரிசையில் கண்ணால் பார்த்துப் பழுது பிரித்தவள் என் மனைவி. கண் எரிகிறது என்று தினமும் சொல்வாள். இப்போது கண் எரிச்சல் இல்லை, வேலையும் இல்லை.”

“காலத்தின் வளர்ச்சியைத் தடுக்க முடியுமா, தம்பி? வேறு வழி திறக்கும்” என்று உடனே சொன்னோம். அவர் தலையசைத்தார். அதன்பின் கேமராவைப் பற்றியும் பேசவில்லை.

திரும்பும் வழியெல்லாம் அந்த மௌனம் நம்மை உறுத்திற்று. வாசக அன்பர்களே, நாம் அவருக்குக் கொடுத்தது முன்னரே கணக்கிட்டு வைத்திருந்த குவியம். எத்தனையோ வீடுகளில் சொல்லிப் பழகிய பதில் அது. ஆகவே விரைவாக வந்தது. பொருள் எதிர்பார்த்த இடத்தில் இருந்தால் அந்த முறை பிழைபடாது. அவரோ வேறு தொலைவில் நின்றுகொண்டிருந்தார்.

மனிதக் கண்ணும் தன் வில்லையின் வடிவை மாற்றியே அண்மையையும் சேய்மையையும் காண்கிறது என்பதை 1801-இல் தாமஸ் யங் எடுத்துக்காட்டினார். வயது ஏற ஏற அந்த வில்லை இறுகிவிடுகிறது, நெகிழ மறுக்கிறது. வெள்ளெழுத்து என்பது இதுதான். இறுகிய வில்லைக்குக் கண்ணாடி உண்டு. இறுகிய பதிலுக்கு?

அடுத்த ஞாயிறு மாலை அவர்கள் வீட்டுக்குச் சென்றோம். காபி கொடுத்துவிட்டு அந்த அம்மாள் தயங்கித் தயங்கிப் பேசினார். “எந்தக் கீறல் துடைத்தால் போகும், எது உள்ளே இறங்கிய விரிசல் என்று பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரியும், சாமி. கேமரா வைக்கும்போது அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.”

இளைஞர் சட்டென நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவரும் கேட்டிருக்கவில்லை என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, “சொல்லு, எப்படிக் கண்டுபிடிப்பாய்?” என்றார். அந்த அம்மாள் சொல்லத் தொடங்கினார். இம்முறை நாம் பதில் எதுவும் வைத்திருக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தோம்.